ஆனந்த முள்

அந்தக் குளிர்காலத்தில் விபோர்க் நகரில் மகிழ்ச்சியை அளந்து விற்றார்கள். பிரெபென் என்பவரின் கடை வாசலில், கொட்டும் பனியில், ஊரே வரிசையில் நின்றது. கையுறையைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டும். வெறுங்கையில்தான் மன அலை ஓடுமாம். படித்தவர்களும் விரல் விறைக்க நின்றார்கள். அந்த ஊரில் வரிசையை மீறுவதுதான் பாவம். ஏமாறுவது பாவமில்லை.

உள்ளே மகிழ்ச்சியை அளக்கும் கருவி: ஒரு பித்தளைக் குமிழ், அதற்கு மேல் அளவு காட்டும் ஒரு முள். குமிழைப் பிடித்தால் முள் அடியிலேயே கிடக்கும். மனசு பட்டினி கிடக்கிறது என்பார் பிரெபென். விளக்கோ கம்பளியோ வாங்கியதும் சூடான காபி கொடுத்து உட்கார வைப்பார். பிறகு மறுபடி குமிழ். முள் துள்ளி எழும். ஒரே கைதட்டல்.

அக்காவைப் பார்க்கப் போன தோவே வாசலிலேயே நடுங்கினாள். வீடெங்கும் அழகு விளக்குகள். நடுவே அக்கா மெரெத்தே போர்வைக்குள் இருமிக்கொண்டிருந்தாள்.

"ஹீட்டரை ஏன்க்கா அணைச்சு வச்சிருக்கே?"

"அந்தக் காசுலதான்டி இதெல்லாம் வாங்கினேன். ஆனா போகப்போக முள்ளு இன்னும் கீழ போகுது. நாளைக்குப் பெரிய சரவிளக்கு வாங்கணும்னு சொல்லிட்டார்."

அதற்குக் குளிர்காலம் முழுவதற்குமான மிச்சக் காசும் போய்விடும். மறுநாள் தோவேயும் கூடப் போனாள்.

எதையும் வாங்காமல் நேராகக் காபியை ஊற்றி, இரு கைகளாலும் கோப்பையைப் பொத்திப் பிடித்தாள். பிறகு குமிழைத் தொட்டாள். முள் உச்சிக்குப் போயிற்று.

அவள் வாங்கப் போவது மனசுக்கு முன்பே தெரிந்துவிட்டது என்றார் பிரெபென். கூட்டம் தலையாட்டியது. பக்தர்களுக்குத் தலை இருப்பதே அதற்குத்தான்.

"சரிங்க. கடையே உங்களோடது. உங்களைவிட சந்தோஷமானவர் யாரு? கையை நீட்டுங்க."

இத்தனை பேர் முன்னால் மறுக்க முடியுமா? வாசலில் கிடந்த பனியை அள்ளி அவர் உள்ளங்கைகளில் வைத்து, கரையும்வரை இறுக்கிப் பிடித்திருந்தாள். பிறகு குமிழ். முள் அடியில் போய்ப் படுத்தது.

"இது சூடு பாக்குற கருவிக்கா. வீட்டுல ஜுரம் பாக்க வச்சிருக்கியே, அதோட அண்ணன். உன் வீடு குளிரக் குளிர இது கீழதான் போகும்."

மெரெத்தே தன் நீலம் பாரித்த விரல்களைப் பார்த்தாள். பிறகு பணப்பையை மூடிவிட்டு, கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"பாவம், மனுஷன் ரொம்ப சோகமா இருக்கார். யாராவது அந்தச் சரவிளக்கை இவருக்கு வாங்கிக் கொடுங்கப்பா."

அன்று மாலை அவள் வீட்டு ஹீட்டர் எரிந்தது. கடையில் மட்டும் கூட்டம் கலையவில்லை. தோவே பிடித்த கோப்பை என்ன விலை என்று சிலர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கையுறையைக் கழற்றச் சொன்னதும் கழற்றினீர்களே ஐயா, மூளைக்கு மாட்டியிருக்கும் உறையை எப்போது கழற்றுவீர்கள்?