கட்டம் கட்டமாக வந்த ஜாதகம்

கடலூருக்கு இன்டர்நெட் வந்ததே எங்கள் பீட்டாவுக்காகத்தான். அவர் உபயோகித்தது போக மிச்சம் இருந்ததை ஊரார் உபயோகித்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

சிப்காட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் நான் அக்கவுண்ட்ஸ், அவர் ஸ்டோர்ஸ். என்னைவிட எட்டொன்பது வயது மூத்தவர். ஆனாலும் என்னை ‘மச்சான்’ என்பார், நான் ‘மாமா’ என்பேன். எங்களுக்குள் ஒரு உறவும் கிடையாது. எங்கள் பக்கத்தில் அப்படிக் கூப்பிட உறவு தேவையும் இல்லை.

பீட்டா என்ற பெயர் அவர் மகள் பிறந்தபோது வந்தது. கேன்டீனில் சாக்லேட் கொடுத்துக்கொண்டு வந்தவரிடம், “பாப்பா யார் ஜாடை மாமா?” என்று கேட்டேன்.

“இப்பதான மச்சான் வந்திருக்கு? இது பீட்டா வெர்ஷன். மூக்கு கொஞ்சம் சப்பையா இருக்கு. அதெல்லாம் அடுத்த அப்டேட்ல சரியாயிடும்.”

முழுசாகத் தயாராவதற்கு முன்பே, ‘உபயோகித்துப் பார்த்துக் குறை சொல்லுங்கள்’ என்று வெளியே விடும் சாஃப்ட்வேருக்கு அப்படிப் பெயராம். அன்று சாயங்காலத்துக்குள் தொழிற்சாலை முழுக்க அவர் பீட்டா ஆகிவிட்டார். மூக்கு விஷயம் எப்படியோ அவர் மனைவி காதுக்கும் போய்விட்டது. பிறகு ஒரு மாதம் அவர் கேன்டீனிலேயே இரவுச் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு போனார்.

காலை டீயின்போது முந்தின நாள் நெட்டில் கண்டுபிடித்ததைச் சொல்வார். ஒருநாள், கொசு விரட்டும் சாஃப்ட்வேர். மனிதக் காதுக்குக் கேட்காத ஒரு சத்தம் ஸ்பீக்கரில் வருமாம், அதைக் கேட்டதும் கொசு ஊரைவிட்டே ஓடுமாம். ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார். கடலூர்க் கொசுவைப் பற்றி அந்த வெளிநாட்டுக்காரனுக்கு என்ன தெரியும்? ஒரு கொசு நேரே வந்து ஸ்பீக்கர் மேலேயே உட்கார்ந்துகொண்டது.

“என்னா மாமா, இது ஓடலியே?”

“அதுக்குக் காது கேக்காது போல மச்சான்” என்றார், கொஞ்சமும் அசராமல். அதற்குள் வாசலில் நாலைந்து தெருநாய்கள் வந்து நின்று ஜன்னலைப் பார்த்து ஊளையிட ஆரம்பித்தன. செக்யூரிட்டி தடியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். பீட்டாவுக்கு ஒரே சந்தோஷம். சாஃப்ட்வேர் வேலை செய்கிறது என்று நிரூபணமாகிவிட்டதாம்.

இன்னொரு நாள், ஆகாயத்திலிருந்து ஊரைப் படம் பிடித்துக் காட்டும் மேப்பைக் கண்டுபிடித்துவிட்டார். மஞ்சக்குப்பத்து பிரவுசிங் சென்டருக்கு என்னை இழுத்துக்கொண்டு போய், தன் வீட்டு மொட்டைமாடியைக் காட்டினார். மாடியில் சிவப்பாக ஏதோ பரப்பியிருந்தது. அன்று வானம் வேறு இருட்டிக்கொண்டிருந்தது. உடனே வீட்டுக்குப் போன் போட்டார்.

“அடியேய், மழை வரப்போவுது. மாடியில மொளகா காயுது பாரு, ஓடிப்போய் எடு!”

மறுமுனையில் அந்த அம்மாள் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. “மொளகா காய வெச்சு ரெண்டு வருஷம் ஆவுது! எந்த ஊட்டு மாடியப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?”

படம் பழைய படமாம். அதற்கும் அவர் வருத்தப்படவில்லை. “பாத்தியா மச்சான், நம்ம ஊட்டு மொளகாவ ரெண்டு வருஷமா அமெரிக்காவுல பத்திரமா வெச்சிருக்கான்” என்று நெகிழ்ந்துபோனார்.

பிறகு அதே மாதிரி தானும் மேலிருந்து படம் எடுக்க வேண்டும் என்று ஆசை வந்தது. காத்தாடியில் கேமரா போனைக் கட்டிப் பறக்க விடும் வித்தையை எவனோ எங்கோ வீடியோவாகப் போட்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனோம். காத்தாடி நன்றாகத்தான் ஏறியது. திடீரென்று ஒரு குத்துக்கரணம் போட்டு, காயப்போட்டிருந்த வலைமேல் வந்து விழுந்தது. வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா போனை எடுத்துக் கொடுத்துவிட்டு, “என்னாங்க, மீனுக்குப் போன் போட்டுப் பாக்குறீங்களா?” என்று கேட்டாள். போனில் ஒரே ஒரு படம் பதிவாகியிருந்தது. அதில் நடுவில் பளபளவென்று பீட்டாவின் வழுக்கை. அவருக்கு உச்சியில் முடி இல்லை என்பதே அன்றைக்குத்தான் தெரியுமாம்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் நான் என் ஜாதகத்தைக் கொடுத்தேன்.

அப்போது எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிதம்பரத்தில் ஒரு உறவுக்காரக் கல்யாணத்தில், வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டு நின்ற பெண் குறிதவறி என் கண்ணிலேயே அடித்துவிட்டாள். “ஐயையோ, சாரிங்க” என்று சொல்லிவிட்டு, அடக்க முடியாமல் சிரித்தாள். கண் எரிச்சல் அடங்குவதற்குள் நான் முடிவு செய்துவிட்டேன். அம்மா விசாரித்தாள். பெண் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நல்ல இடம். நகை, சீர் எதுவும் கேட்க மாட்டோம் என்று தரகர் மூலம் சொல்லி அனுப்பினோம். அவர்களுக்கும் சம்மதம்தான். ஒரே ஒரு சிக்கல், அந்த வீட்டில் எதையும் முடிவு செய்வது மஸ்கட்டில் இருந்த சித்தப்பா. அவர் ஜாதகத்தை ஈமெயிலில் அனுப்பச் சொல்லிவிட்டார்.

“ஸ்கேன் பண்ணி அனுப்பிடலாமா மாமா?” என்று கேட்டேன்.

“சைஸ் ஜாஸ்தி மச்சான், போவாது. நான் புதுசா ஒரு தமிழ் சாஃப்ட்வேர் எறக்கியிருக்கேன். அதுல அழகா டைப் அடிச்சு அனுப்பறேன். அந்த ஆள் அசந்துடுவாரு.”

அசந்துதான் போனார். அம்மாவுக்குப் போன் செய்தார்.

“அம்மா, மெயில் வந்துச்சு. ஆனா எல்லாம் கட்டம் கட்டமா இருக்கே.”

“ஜாதகம்னா கட்டமாத்தானங்க இருக்கும்?” என்றாள் அம்மா.

“அப்படி இல்லம்மா. பக்கம் பூரா கட்டம்.”

“அவனுக்கு எல்லாமே ஜாஸ்தின்னு ஜோசியர் அப்பவே சொன்னாருங்க.”

“கட்டத்துக்குள்ள ஒண்ணுமே இல்லியேம்மா!”

“ஒண்ணும் இல்லன்னா தோஷமும் இல்லன்னுதானங்க அர்த்தம்?”

அங்கே இருந்த கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாததால், ஒவ்வொரு எழுத்தையும் ஒரு காலிக் கட்டமாகக் காட்டியிருக்கிறது. விஷயத்தைச் சொன்னதும் பீட்டா, “அவ்ளோதான? வேற ஃபாண்ட்ல மாத்தி அனுப்பிடறேன்” என்றார். அனுப்பினார். வினை அதில்தான் வந்தது.

அந்த எழுத்து வேறு மெஷினில் திறந்தால் ஆங்கிலக் கிறுக்கலாக மாறிவிடும். குறிப்பாக, நம் துணைக்கால் இருக்கிறதே, அது இங்கிலாந்துப் பணமான பவுண்டின் குறியாகிவிடும். துணைக்கால் இல்லாமல் தமிழில் ஒரு ஜாதகம் எழுதிப் பாருங்கள்! அப்பா, தாத்தா, ராசி, ராகு எல்லாவற்றிலும் அது இருக்கிறது. மஸ்கட் சித்தப்பா பதறிப்போய் சிதம்பரத்தில் இருந்த தன் அண்ணனுக்கு, அதாவது பெண்ணின் அப்பாவுக்கு, போன் போட்டார். “அண்ணே, அவுங்க ஒண்ணும் கேக்கலன்னு சொன்னியே? இங்க வரிக்கு வரி பவுண்டு போட்டிருக்கு!”

அண்ணன் காதில் அது ‘பவுன்’ என்று விழுந்தது.

அன்று மாலையே தரகர் எங்கள் வீட்டுக்கு வந்தார். “பவுன் வேணும்னா வாயத் தொறந்து கேக்கணுமாம். இப்படிக் கள்ளத்தனமா மெயில்ல கேக்கற குடும்பத்துல பொண்ணு குடுக்க மாட்டாங்களாம்” என்றார். அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள், போனிலும் பேசிப் பார்த்தாள். துணைக்கால்தான் பவுனாகிவிட்டது என்று சொன்னால் எந்தப் பெண்ணைப் பெற்றவர் நம்புவார்? “கதை விடாதீங்கம்மா” என்று பெண்ணின் அப்பா போனை வைத்துவிட்டார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் கேன்டீனில் தட்டை அளைந்துகொண்டிருந்தபோது பீட்டா எதிரில் வந்து உட்கார்ந்தார். அன்று அவர் எந்தக் கண்டுபிடிப்பையும் சொல்லவில்லை.

“அந்தப் பொண்ணுதான் வேணுமா மச்சான்?”

“ஆமா மாமா.”

“சரி, சாப்புடு. தப்பு ஃபாண்ட் மேலதான? நான் போய்ப் பேசிட்டு வரேன்.”

எப்படிப் போனார் தெரியுமா? அந்த எழுத்து அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் சரியாகத் தெரியும். ஆகவே கம்ப்யூட்டரையே தூக்கிக்கொண்டு போனார். அந்தக் காலத்து மானிட்டர் ஒரு கன்றுக்குட்டி கனம் இருக்கும். அதை மடியிலும், மற்ற பெட்டியைக் கோணிப்பையில் கட்டிக் காலடியிலும் வைத்துக்கொண்டு சிதம்பரம் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர் லக்கேஜ் போட வேண்டும் என்று சொன்னதற்கு, “இது லக்கேஜ் இல்லீங்க, ஜாதகம்” என்றாராம். கண்டக்டர் அதன்பிறகு அவர் பக்கமே திரும்பவில்லையாம்.

மறுநாள் காலை நான் தொழிற்சாலை வாசலிலேயே காத்திருந்து, “என்னாச்சு மாமா?” என்று கேட்டேன்.

“சூப்பரா தெரிஞ்சுது மச்சான். எழுத்து ஒண்ணொண்ணும் முத்து. பாத்தாங்க, புரிஞ்சிக்கிட்டாங்க. அவ்ளோதான்.”

அதேபோல் இரண்டு நாளில் அந்த வீட்டிலிருந்து ஆள் வந்தது. அசல் ஜாதகத்தை ஜெராக்ஸ் எடுத்து அம்மா கொடுத்தாள், பொருத்தம் பார்த்தார்கள், தை மாதம் கல்யாணம். எல்லாம் அந்த எழுத்து செய்த மாயம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகிச் சில மாதம் கழித்து, என் மனைவியிடம் இந்தப் பெருமையைப் பேசினேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

“எந்த எழுத்துங்க? அன்னிக்குக் கரண்ட்டே இல்ல.”

தினமும் முறைவைத்து மின்சாரத்தை நிறுத்திக்கொண்டிருந்த காலம் அது. கடலூரில் நிறுத்தும் நேரம் பீட்டாவுக்கு மனப்பாடம். சிதம்பரத்துக்கு வேறு நேரம் என்பதை அவர் யோசிக்கவில்லை. கூடத்தில் மானிட்டரை வைத்து, வயரெல்லாம் மாட்டி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டிருக்கிறார். ஒன்றும் எரியவில்லை. புது டி.வி. வந்திருப்பதாக நினைத்து அக்கம்பக்கத்திலிருந்து வேறு ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

“ஏங்க, இத பிரிண்ட் எடுத்துட்டு வந்திருக்கலாமே?” என்று இவள் கேட்டிருக்கிறாள்.

பீட்டா சுவிட்சிலிருந்து கையை எடுத்தாராம். “அது எனக்குத் தோணவே இல்லம்மா” என்றாராம்.

அதுவரை முறைத்துக்கொண்டிருந்த என் மாமனார் அதற்குத்தான் முதலில் சிரித்தாராம். பிறகு, “கரண்ட் வர்ற வரைக்கும் சும்மாதான உக்காந்திருக்கணும்? பையன் எப்படி, அதச் சொல்லுங்க” என்று கேட்டிருக்கிறார். பீட்டா மானிட்டர் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னதை என் மனைவி அப்படியே சொல்லிக் காட்டினாள்.

“நான் கொஞ்சம் கிறுக்கன் சார். நெட்ல தெனம் எதையாவது பாத்துட்டு வந்து ஆபீஸ்ல சொல்லுவேன். நான் வாயத் தொறந்தாலே எல்லாரும் டீ கிளாஸத் தூக்கிக்கிட்டு வெளிய போயிடுவாங்க. எம் பொண்டாட்டியே கேக்க மாட்டா. இவன் ஒருத்தன்தான் சார் எழுந்து போவாம கடைசி வரைக்கும் உக்காந்து கேப்பான். நடுவுல கேள்வி வேற கேப்பான். அப்படிப்பட்டவன் கட்டிக்கிறவ பேச்சையும் கேப்பான். அவன் யார்கிட்டயும் பவுன் கேக்கற ஆள் இல்ல சார்.”

என் மாமனார் உள்ளே பார்த்து, “அவருக்கு இலை போடு” என்றாராம். கரண்ட் வருவதற்கு முன்பே பீட்டா சாப்பிட்டுவிட்டு, எரியாத கம்ப்யூட்டரை மறுபடி கோணியில் கட்டித் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இத்தனையும் அவர் என்னிடம் சொல்லவில்லை. ஊர் உலகத்தில் யாரோ கண்டுபிடித்ததையெல்லாம் மூச்சு விடாமல் சொன்ன மனிதர், எனக்காகத் தான் பேசிய இந்த நாலு வார்த்தையை மட்டும் விழுங்கிவிட்டார்.

இன்றும் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, செல்போனை நீட்டி எதையோ விளக்க ஆரம்பித்தால், என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவாள். அவர் முடிக்கும்வரை நாங்கள் இரண்டு பேரும் எழுந்திருப்பதில்லை.