பொன்னாங்கண்ணியில் ஒரு மஞ்சள் புள்ளி

ஸ்ரீரங்கம்,
6-3-1960, ஞாயிற்றுக்கிழமை.

பெங்களூரில் எழுந்தருளியிருக்கும் மகாராஜராஜஸ்ரீ மச்சினர் அழகியமணவாளன் அவர்கள் சன்னிதிக்கு, அடியேன் சௌரிராஜன் தெண்டன் சமர்ப்பித்து எழுதிக்கொண்டது. பெரிய பெருமாள் கிருபையால் நானும், தங்கள் சகோதரி வேதவதியும், குழந்தை சத்யபாமாவும் க்ஷேமம். என் ஆராய்ச்சிக் கட்டுரையின் நான்காம் அத்தியாயம் மட்டும் க்ஷேமமாக இல்லை. தங்கள் க்ஷேமத்தை மன்னி கையால் இரண்டு வரி எழுதச் சொல்லவும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் தலைகால் புரியாமல் ஒரு கடிதம் எழுதியிருந்தேனே, பொன்னாங்கண்ணிக் கீரையில் இதுவரை யாரும் பார்க்காத மஞ்சள் வஸ்து ஒன்று கிடைத்திருக்கிறது, அதற்குப் 'பொன்னாங்கனின்' என்று பெயரும் வைத்துவிட்டேன், உங்கள் ஆராய்ச்சிசாலை டைரக்டரிடம் சொல்லுங்கள் என்று. தயவுசெய்து சொல்ல வேண்டாம். சொல்லியாகிவிட்டதென்றால், மச்சினனுக்குக் கொஞ்ச நாளாகப் பித்தம் என்று சொல்லிச் சமாளியுங்கள். அதோடு இன்னொரு உபகாரம். வருகிற பதினாறாம் தேதி, உங்களுக்கு உடம்பு சீரியஸ் என்று எனக்கு ஒரு தந்தி அடிக்க வேண்டும். அபசகுனமாகக் கேட்கிறானே என்று கோபிக்காதீர்கள். பதினெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை மதராஸிலிருந்து பரீட்சகர் வருகிறார். அவர் முன்னால் போய் நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். நீங்கள் அனுப்பிய நின்ஹைட்ரின் பாட்டிலையும் வடிதாள் கட்டையும் வைத்துக்கொண்டுதான் இந்த வேலையையே ஆரம்பித்தேன். தாளின் அடியில் பென்சில் கோடு, கோட்டின்மேல் ஒரு சொட்டுக் கீரைச்சாறு, தாளை ஜாடிக்குள் தொங்கவிட்டு நுனி மட்டும் திரவத்தில் நனைய வேண்டும், திரவம் தாளில் ஏறும்போது சாற்றில் உள்ள வஸ்துக்களையும் இழுத்துக்கொண்டு போகும், ஒவ்வொன்றும் அதனதன் உயரத்தில் நின்றுவிடும், அப்புறம் உலர்த்தி நின்ஹைட்ரின் தெளித்து அனல் காட்டினால் ஊதாப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். இது உங்களுக்குத் தெரியாததா, நான் எங்கே வழுக்கினேன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். இங்கே காலேஜில் அதற்கான கண்ணாடித் தொட்டி கிடையாது. சின்னக்கடைத் தெருவில் ஊறுகாய் ஜாடி வாங்கினேன். மூடி சரியாக உட்காரவில்லை, ஆவி பூராவும் வெளியே போய், தாளில் திரவம் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் ஏறாமல் புள்ளியெல்லாம் கோணிக்கொண்டு நின்றது, பியூட்டனால் என்ற அந்தத் திரவத்தின் நாற்றத்தில் பக்கத்து வகுப்புப் பையன்களுக்கெல்லாம் தலைவலி. வாஸலின் தடவினேன், மெழுகு உருக்கி ஊற்றினேன், ஒன்றும் பிரயோஜனம் இல்லை. கடைசியில் எங்கள் லேப் அட்டெண்டர் காஜா மைதீன் வந்து ஒரு நிமிஷம் பார்த்தார். அவருடைய மாமா கல்யாண வீடுகளில் பிரியாணி ஆக்குகிற பண்டாரி. "இது தம் போடுற வேலைதானே சார், இதுக்குப் போயி மெழுகா?" என்று கேட்டு, மைதா மாவைப் பிசைந்து மூடியைச் சுற்றி அப்பிவிட்டார். "மொதல்ல சட்டிக்குள்ள ஆவி நெறையணும் சார், பொறவுதான் சரக்கை எறக்கணும்" என்று, திரவத்தில் நனைத்த தாளை ஜாடியின் உட்சுவரில் ஒட்டியும் வைத்தார். மறுநாள் புள்ளிகள் அத்தனையும் நேர்கோட்டில் நின்றன. பதினேழு வருஷ டெமான்ஸ்டிரேட்டரான எனக்கு வராத புத்தி, என்ன செய்வது.

அடுத்தது விரல் பிரச்சினை. மனுஷன் கைவியர்வை பட்டாலும் நின்ஹைட்ரின் ஊதாவாகக் காட்டிக்கொடுத்துவிடும் என்பது எனக்கு அனுபவத்தில்தான் தெரிந்தது. பிரின்சிபால் ஒருநாள் வந்து, "என்னய்யா இது, துணி காயப்போட்டிருக்கிறீரா?" என்று ஒரு தாளைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் தெளித்ததும் கீரை ஒரு பக்கம் நிற்க, பிரின்சிபாலின் ஐந்து விரலும் ரேகையோடு வந்துவிட்டன. லேபில் எதை வைத்தாலும் யாராவது தொட்டுவிடுகிறார்கள் என்று, தாள் வெட்டிக் கோடு போடும் வேலையை அகத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். வேதவதியிடம், "இந்தத் தாளெல்லாம் மடி மாதிரி. யாரும் கையால் தொடக்கூடாது" என்று சொன்னேன். அவளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. சத்யபாமாவை அந்தப் பக்கமே விடவில்லை. அன்றிலிருந்து ஒரு தாளில்கூட விரல் அடையாளம் கிடையாது. அன்றிலிருந்துதான் மஞ்சள் புள்ளியும் வர ஆரம்பித்தது.

நான் என்ன கண்டேன்? பொன்னாங்கண்ணி சாப்பிட்டால் மேனி பொன்னாகும் என்று ஊரே சொல்கிறது, அந்தப் பொன் நம் ஜாடியில் இறங்கிவிட்டது என்று நினைத்தேன். ஒவ்வொரு தடவையும் அதே உயரம், அதே மஞ்சள். நாற்பது தாள் ஓட்டி நாற்பதிலும் வந்தது. சாறு வைக்காத வெறும் தாள் ஒன்றை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது முதல் வருஷப் பையன்களுக்கு நானே சொல்லிக்கொடுக்கிற பாடம். கடல் தாண்டி வருகிற தாளை வெறுமனே வீணாக்குவானேன் என்று நான் ஓட்டவில்லை. கட்டுரையைக் கொடுத்தாயிற்று. பரீட்சகர், 'நான்காம் அத்தியாயத்து மஞ்சள் புள்ளியை நேரில் பார்க்க ஆவல்' என்று கைப்பட எழுதியிருக்கிறார். அதற்கு ஒத்திகையாகப் போன வியாழக்கிழமை இரண்டு தாள் ஓட்டச் சொன்னேன். திறந்து பார்த்தால் மூன்று தொங்குகிறது. "மூணு கொக்கி இருக்குல்ல சார், ஒண்ணு சும்மா கெடக்குதேன்னு வெறும் பேப்பரை மாட்டிவுட்டேன்" என்றார் காஜா மைதீன். அந்த வெறும் பேப்பரிலும், கீரை வாசனையே படாத பேப்பரிலும், அதே உயரத்தில் மஞ்சள் புள்ளி. அம்மோனியா பாட்டிலைத் திறந்து பக்கத்தில் காட்டினேன். ஆரத்தித் தட்டு மாதிரி சிவந்தது. அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை பாருங்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் காலேஜுக்குக் கிளம்பி, மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டோமே என்று பாதி வழியில் திரும்பி வந்தேன். கூடத்தில் வேதவதி உட்கார்ந்திருக்கிறாள். எதிரே என் தாள்கள். கையில் ஒரு ஈர்க்குச்சி, பக்கத்தில் மஞ்சள் குழைத்த கிண்ணம். புதுத்துணிக்கு வைக்கிற மாதிரி ஒவ்வொரு தாளுக்கும் ஊசிமுனையளவு ஒரு துளி, கோட்டோடு கலந்து என் வெள்ளெழுத்துக் கண்ணுக்குத் தப்புகிற அளவு. எங்கே வைக்கிறாள் தெரியுமா, நேரே என் பென்சில் கோட்டின்மேல். ஆரம்பம் அங்கேதானே, அதனால் மங்களமும் அங்கே. நான்தான் கையால் தொடாதே என்று சொல்லியிருக்கிறேனே, அதனால் ஈர்க்குச்சி. அந்தத் துளியின்மேலேயே என் கீரைச்சாற்றைப் பச்சையாக வைத்து மறைத்துக்கொண்டு, ஏழு மாசம் அதை அளந்திருக்கிறேன். உதடு அசைகிறது, எனக்காகத்தான் ஏதோ வேண்டிக்கொள்கிறாள் என்று தெரிந்தது. வந்த சுவடு தெரியாமல் வெளியே போய்விட்டேன்.

இந்த டிகிரி வந்தால் ஜூனில் லெக்சரர் ஆக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் படித்த இரண்டு பேர் ஏற்கெனவே லெக்சரர், என்னை 'சார்' என்று கூப்பிடலாமா கூடாதா என்று அவர்கள் தவிப்பதைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருக்கிறது. மஞ்சளைக் கீரை என்று எழுதினவன் என்று பெயர் வாங்குவதைவிட, மச்சினருக்கு உடம்பு சரியில்லை என்று பரீட்சையைத் தள்ளிப்போட்டுவிட்டு, அந்த அத்தியாயத்தையே உருவிவிடலாம் என்று பார்க்கிறேன். வேதவதிக்கு மட்டும் இது தெரியவே கூடாது. அவள் வைத்த மங்களம்தான் என் காலை வாரிவிட்டது என்று தெரிந்தால் இனிமேல் எதற்கும் மஞ்சள் தொடமாட்டாள், அதை என்னால் தாங்க முடியாது. படித்ததும் இதைக் கிழித்துப் போடவும்.

மன்னிக்கு என் நமஸ்காரம். குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். பெருமாள் தங்களைத் தீர்க்காயுசாக வைக்கட்டும், பதினாறாம் தேதி தந்தியில் மட்டும் தங்கள் உடம்பு கொஞ்சம் தளரட்டும்.

இப்படிக்கு,
அடியேன் சௌரிராஜன்

பின்குறிப்பு: தந்தி வேண்டாம். உறை ஒட்டப் பசை எடுத்து வருவதற்குள் வேதவதி இதை முழுக்கப் படித்துவிட்டாள். "நீங்க பார்த்தது எனக்கு வெள்ளிக்கிழமையே தெரியும். கண்ணாடி எடுக்க வந்தவர் கண்ணாடியை எடுத்துக்காமலே போனேளே" என்றாள். கொஞ்ச நேரம் அழுதாள், அதையும் எழுதத்தான் வேண்டும். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணாவுக்கு உடம்புன்னு பொய் சொல்லவேண்டாம். மஞ்சள் வெச்ச பேப்பர் ஒண்ணு, ஒண்ணுமே வெக்காதது ஒண்ணு, கீரை மட்டும் வெச்சது ஒண்ணு, மூணையும் ஓட்டி எடுத்துண்டு போய் பரீட்சகர் எதிரே வையுங்கோ. தப்பு எங்கேன்னு நாமளே கண்டுபிடிச்சோம்னு சொல்லுங்கோ. மத்த மூணு அத்தியாயம் சுத்தமாத்தானே இருக்கு? வேணும்னா நானே வந்து சொல்றேன், வெச்சவள் நான்தான்னு" என்றாள். ஏழு மாசம் எனக்குத் தோன்றாத பரிசோதனையை, ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டாள். போகிறேன். பதினெட்டாம் தேதி என்ன ஆனாலும் அவளுக்கு ஒளித்து ஒன்றும் எழுதமாட்டேன்.

இந்தக் கடிதத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இதை மட்டும் ஈர்க்குச்சியால் வைக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். நின்ஹைட்ரின் மிச்சம் இருந்தால் தெளித்துப் பாருங்கள், உங்கள் தங்கையின் விரல் தெரியும்.