சாம்பிராணி குடித்த எஞ்சின்

பிள்ளைகளா, ஒரத்தநாட்டில் கார் வாங்கியவர்கள் எத்தனையோ பேர். ஆனால் தன் காரை ஒரு நாள்கூட நம்பாமலும், அதை எந்த மெக்கானிக்கையும் தொட விடாமலும் வாழ்ந்த ஒரே மனிதர் எங்கள் எதிர்வீட்டு சென்சார் மாமாதான்.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். வளைகுடாவில் ஓர் அரபி வீட்டு டிரைவராக இருந்து, இளமையை அங்கேயே கரைத்துவிட்டுத் திரும்பியவர். அங்கே அவருக்கு வண்டியை ஓட்டவும் துடைக்கவும்தான் உரிமை. பானட்டைத் தொட்டாலே முதலாளி கத்துவாராம். அந்த ஏக்கத்தையெல்லாம் சுமந்து வந்து, இங்கே ஒரு செகண்ட் ஹேண்ட் காரை வாங்கி பானட்டைத் திறந்தார். பிறகு அதை மூடியதாக எனக்கு நினைவில்லை.

கம்ப்யூட்டர் வைத்த எஞ்சின்கள் அப்போது நம் பக்கம் புதிது. ஒருநாள் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி தெருமுனை வரை போகும், இருமும், நின்றுவிடும். நாங்கள் தள்ளிக்கொண்டு வருவோம்.

"ஏதோ சென்சார் போயிடுச்சுப்பா" என்றார் மாமா. எது என்றுதான் தெரியவில்லை. எஞ்சின் சூட்டைப் பார்க்கும் சென்சாரை மாற்றினார். புகைக்குழாயில் இருந்ததை மாற்றினார். விளக்கு அணையவில்லை; அவருக்குப் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

"எனக்குக் காய்ச்சல்னா சுக்குக் கஷாயம். அதுக்குத் தும்மல்னா தஞ்சாவூர் போய் சாமான் வாங்கிட்டு வர்றீங்க" என்பார் மாமி.

"நீதான் நிக்காம ஓடுறியே, உனக்கு எதுக்கு?"

மாமாவின் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. மகன் படித்தவன். இங்கே வேலைக்குக் காத்திருந்து அலுத்து, அப்பன் திரும்பி வந்த அதே ஊருக்கு விமானம் ஏறியவன். முதல் லீவில் வருகிறான். "அரபி வீட்டுப் புள்ளைங்கள எத்தனை தடவை ஏர்போர்ட்லேருந்து கூட்டிட்டு வந்திருக்கேன். எம்புள்ளைய நான் கூட்டிட்டு வரணும்ல?" என்பார். அதற்காகத்தான் கார் வாங்கியதே.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்ததும் வீட்டோடு சேர்த்துக் காருக்கும் சாம்பிராணி போடுவார். வெளியே காட்டிவிட்டுப் போனால் பரவாயில்லை. எஞ்சினை ஓடவிட்டு, ஏர் ஃபில்டரையும் கழற்றி வைத்துவிட்டு, புகையை உள்ளே இழுக்கவிடுவார்.

"அதை ஏன் மாமா கழட்டுறீங்க?"

"வடிகட்டினா அல்லாவோட அருள், அந்த பரக்கத், எப்படிப்பா உள்ள போகும்?"

மகன் வரும் நாள் நெருங்கியது. மாமா எஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு சென்சாரின் பிளக்காகக் கழற்றிக் காது கொடுத்தார். உள்ளே போகும் காற்றை அளக்கும் சென்சாரின் பிளக்கைப் பிடுங்கியதும் இருமல் நின்றது. "புடிச்சேன்! இவன்தான் எஞ்சினுக்குப் பொய் சொல்லிக்கிட்டு இருந்திருக்கான்!" ஸ்குரூவைக் கழற்றி வெளியே எடுத்தார். கறுப்பாக, பிசுபிசுவென்று இருந்தது. மாமி வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"என்னங்க, நம்ம ஊடு மாதிரியே மணக்குது!"

மாமா அதை வாங்கிக் காகிதத்தில் சுற்றினார். தஞ்சாவூர் போய்ப் புதியது வாங்கி வந்து, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுத் தன் கையாலேயே மாட்டினார். விளக்கு அணைந்தது. எஞ்சின் பூனைக்குட்டி போல் உறுமியது. சாம்பிராணிச் சட்டி சமையல்கட்டுக்குத் திரும்பியது.

திருச்சி ஏர்போர்ட்டுக்கு மாமா, மாமியோடு நானும் போனேன். துணைக்கு என்றார் மாமா. தள்ளுவதற்கு என்றார் மாமி. வண்டி எங்கேயும் நிற்கவில்லை.

மகன் வந்தான், கட்டிப்பிடித்தான். பிறகு, "அத்தா, கூட்டாளிங்கள்லாம் சேர்ந்து ஏசி வேன் பேசிட்டோம். உங்க வண்டி நடுவழியில நின்னுடுச்சுன்னா அம்மாவுக்குச் சிரமம் பாருங்க" என்றான்.

தெருவே சேர்ந்து தள்ளிய கார். சேதி கடல் தாண்டாமல் இருக்குமா? வண்டி சரியாகிவிட்ட சேதியைத்தான் யாரும் அனுப்பவில்லை.

மாமியும் மகனோடு வேனில் ஏறினார். பெட்டிகளுக்கு அங்கே இடமில்லை. அரபி பிள்ளைகள் உட்கார்ந்து வருவதுபோல, இரண்டு பெரிய பெட்டிகள் எங்கள் பின்சீட்டில் ஜம்மென்று உட்கார்ந்து வந்தன.

வல்லத்தில் வேன் ஓரங்கட்டி நிற்பது தெரிந்தது. மாமா முகம் மலர்ந்தது. "நின்னுடுச்சுடா வேன்!" என்று ஸ்பேனர் பையோடு குதித்து இறங்கினார்.

டீ குடிக்க நிறுத்தியிருந்தார்கள்.

"பரவாயில்லையே அத்தா, வந்து சேந்துட்டீங்களே!" என்று சிரித்தபடி மகன் ஒரு டீயை நீட்டினான். மாமா பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வாங்கிக் குடித்தார்.

மறுபடி கிளம்பியபோது வேன் முன்னால் போய் மறைந்தது. மாமா எஞ்சின் பக்கம் காதைச் சாய்த்தார்.

"நடுக்கம் ஏதாச்சும் இருக்கா? நல்லாக் கேட்டுச் சொல்லு."

"இல்ல மாமா. வாய்க்கால்ல தண்ணி போற மாதிரி போகுது."

எஞ்சினில் நடுக்கம் இல்லை, அது சத்தியம். ஸ்டீயரிங்கில் இருந்த அவர் கைகளைப் பார்த்துவிடக் கூடாதென்று, ஒரத்தநாடு வரும்வரை நான் வயல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.