காந்தச் சாமியின் மண்டைப் படம்

விருத்தாசலம் ஜங்ஷன் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் கல்யாணமே இல்லை. கூட்டம் மட்டும் முகூர்த்த நாள் போல நெரிந்தது. காந்தானந்த சாமி வந்திருந்தார். ஆஸ்பத்திரி ஸ்கேன் மண்டைக்குள் இருக்கும் கட்டியைத்தான் காட்டுமாம். சாமியின் காந்த ஸ்கேன் செய்வினையைக் காட்டும், வைத்தது யார் என்றும் காட்டும். விஞ்ஞானம் அவ்வளவு முன்னேறிவிட்டது. வேப்பூர் பஸ்ஸும் ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸும் மண்டை மண்டையாக இறக்கிவிட்டுப் போயின.

செல்வநாயகியின் மண்டையும் அதில் ஒன்று. பாத்ரூமில் வழுக்கி விழுந்தவளுக்குச் சில வாரம் கழித்துத் தலைவலி தொடங்கியது. வலது கையில் டம்ளர் நிற்கவில்லை. டாக்டர் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். குழாய்க்குள் படுக்கப் பயந்து அவள் சாமியிடம் வந்தாள். போன வாரப் படத்தில் ஒரு கறுப்புத் திட்டு. "இது உன் மருமவ வளர்மதி முகந்தான் தாயி" என்றார் சாமி. பெயர் எப்படித் தெரிந்தது என்று அவள் வியந்துபோனாள். டோக்கன் போடும் இடத்தில் வீட்டு ஆட்கள் பெயரையெல்லாம் தானே ஒப்பித்தது மறந்துவிட்டது, பாவம்.

மாமியார் காசு கட்டினால் படத்தில் மருமகள் தெரிவாள். மருமகள் கட்டினால் மாமியார். சாமிக்குக் கட்சி கிடையாது.

இன்றைய படத்திலும் அதே முகம் தெரிந்தால் வளர்மதியைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவதென்று பேச்சு. மகன் ராஜாங்கமும் தலையாட்டிவிட்டான். ஆட்டுவதற்காகவே வளர்த்த தலை அது. வளர்மதியும் கூடவே வந்திருந்தாள்.

வெள்ளைப் பெயிண்ட் அடித்த மரப்பெட்டிக்குள் செல்வநாயகி தலையை விட்டாள். பெட்டி கடகடவென்று உறுமியது. இமயமலைக் காந்தம், ஊரையே இழுக்கும் என்றார் சாமி. வளர்மதி பெட்டியருகே போய் நின்றாள்.

"சாமி, எங்கப்பாவுக்கு ஆஸ்பத்திரியில சின்ன மிஷின்ல படம் எடுத்தாங்க. சக்தி கம்மியான காந்தந்தான், கட்டிலுகிட்டயே தள்ளிட்டு வந்தாங்க. அதுக்கே பக்கத்துல நின்ன என் தாலிக் கயித்து ஊக்கைக் கழட்டச் சொன்னாங்க, இரும்பை இழுத்துக்குமாம். உங்க மலைக் காந்தத்துல எங்க அத்தையோட ஊக்கு அப்படியே தூங்குதே?"

செல்வநாயகி தலையை வெளியே எடுத்துத் தன் கழுத்தைப் பார்த்தாள். கொத்தாகத் தொங்கிய ஊக்குகள் அசையாமல் கிடந்தன. வரிசையில் நின்ற அத்தனை பெண்களும் தங்கள் கழுத்தைத் தடவினார்கள்.

வளர்மதி தன் ஊக்கைப் பூ நாரில் கட்டிப் பெட்டியின் வாய்க்குள் தொங்கவிட்டாள். "இது ஒரு பக்கமா இழுத்துச்சுன்னா நானே துணியெடுத்துக்கிட்டுப் போயிடறேன்."

ஊக்கு நேராகத் தொங்கியது.

பக்தி உள்ளவர்களின் ஊக்கைத்தான் இழுக்கும் என்றார் சாமி. அங்கேதான் தப்புச் செய்தார். வரிசையின் முன்னால் நின்றவள் ஆண்டாள், பீங்கான் கம்பெனியில் பொம்மை அச்சு எடுப்பவள்.

"நான் மூணாவது வாட்டி வரேன். என் பக்தியில என்னய்யா கொறையக் கண்ட?" என்று தன் கொத்தையே அவிழ்த்துத் தொங்கவிட்டாள். அதுவும் அசையவில்லை.

"காந்தம் இன்னிக்கு மௌன விரதம்" என்று முனகினார் சாமி.

ஆண்டாள் பெட்டியின் பின்பலகையைப் பிடுங்கினாள். உள்ளே ஒரு பழைய கிரைண்டர் மோட்டார் சுற்றிக்கொண்டிருந்தது. மாவு மட்டும்தான் இல்லை. ஆளாளுக்குப் போன தடவை வாங்கிய மண்டைப் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். எல்லாம் ஒரே மண்டை, ஒரே திட்டு. சாமி சமையல்கட்டு வழியாக நழுவப் பார்த்தார். அங்கேயும் பெண்கள்தான் நின்றார்கள்.

செல்வநாயகிக்கு மருமகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நீ எங்கியும் போவாத. என்னைய அந்தச் சின்ன மிஷினுக்குக் கூட்டிட்டுப் போ."

போனார்கள். விழுந்த அடியில் கசிந்த ரத்தம் மூளையை அழுத்திக்கொண்டிருந்தது. இன்னும் நாள் கடத்தியிருந்தால் ஆளே மிஞ்சியிருக்க மாட்டாள் என்றார் டாக்டர். ரத்தத்தை எடுத்தார்கள், பிழைத்துக்கொண்டாள். அந்தப் படத்தில் எந்த மருமகளின் முகமும் இல்லை.

மண்டையைப் படம் எடுக்க அடுத்தவரிடம் கொடுக்கலாம், என் கண்ணுகளே. யோசிக்கவும் அவரிடமே கொடுத்துவிட்டு வராதீர்கள்.