விமானிக்குத் துணிக்கடையில் வேலை

பெருமதிப்புக்குரிய மச்சான் மகேஸ்வரன் அவர்களுக்கு, கோத்தா திங்கியிலிருந்து செல்லப்பன் வணக்கத்துடன் எழுதுவது. தங்காக்கில் தாங்களும் அக்காவும் துணிக்கடையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நான் நலம். தினமும் காலையில் விரலைக் குத்திப் பார்க்கிற சர்க்கரை மெஷினும் அதையேதான் சொல்கிறது. தங்கள் மருமகன், என் மகன் சுகுமாறன்தான் நலமில்லை. போனில் சொன்னால் அவன் காதில் விழும் என்பதால் எழுதுகிறேன்.

போன மாதம் அவன் துணை விமானியாக வந்த விமானம் செனாய் ஏர்போர்ட்டில் இறங்கும்போது ஏதோ கோளாறு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இறங்குகிற வேலையை ஆட்டோபைலட் மெஷின் பார்த்துக்கொண்டிருந்ததாம். வானத்தில் இருக்கும்போதே தரைக்கு வந்துவிட்டோம் என்று அதற்கு நினைப்பு வந்து, தானாகவே எஞ்சினைக் குறைத்துவிட்டதாம். நானும் ரிட்டையர் ஆகும்வரை பஸ் ஓட்டியவன், என் பஸ் ஒருநாளும் தன்னைப் பற்றி இப்படித் தப்பாக நினைத்ததில்லை. வேகம் விழுந்துகொண்டே போக, கேப்டன் கேப்ரியல் மெஷினை நிறுத்திவிட்டு, கையாலேயே மேலே தூக்கி, மழையில் ஒரு சுற்று சுற்றி வந்து இறக்கினார். ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. கம்பெனியும் இவன்மேல் குற்றமில்லை என்றுவிட்டது.

ஆனால் வீட்டுக்கு வந்தவன் பழைய பையன் இல்லை மச்சான். ரைஸ் குக்கரைப் பரணில் போட்டுவிட்டுப் பானையில் சோறு வடிக்கிறான், வடிக்கும்வரை நகர்வதில்லை. வாஷிங் மெஷின் முன்னால் நாற்காலி போட்டு உட்காருகிறான். தானாகத் திறக்கிற ஆட்டோ கேட்டைக் கையால் தள்ளுகிறான், பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் "ரோசாக்கா?" என்று கேட்க, ஆமாம், கெட்டுப்போச்சு என்று பொய் சொன்னேன். இப்ப என் மூஞ்சியையும் பாக்க ஆரம்பிச்சிட்டான். டீ குடிக்கும்போது எதிரில உக்காந்துக்கிட்டு, "அப்பா, ரொம்ப மெலிஞ்சிட்டீங்க. சும்மா சும்மா தண்ணி குடிக்கிறீங்க. கிளினிக் போலாம்"ங்கிறான். நான் உடனே விரலைக் குத்தி நம்பரைக் காட்டினேன். "நம்பர் நல்லாதான் இருக்கு, நீங்கதான் நல்லா இல்ல"ன்னான். பெத்த அப்பன்கிட்ட பேசுற பேச்சா இது.

நேத்து, ஏண்டா இப்படி இருக்கேன்னு கேட்டே விட்டேன். "வேகத்தப் பாக்குறது என் வேலப்பா. மெஷின் பாத்துக்கும்னு இருந்துட்டேன்"னான். அப்புறம் பானைப் பக்கம் திரும்பிக்கிட்டு, "அம்மா போன அன்னிக்கும் ஆஸ்பத்திரில தலைமாட்டுல இருந்த ஸ்கிரீனத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். நம்பர் நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு. அம்மா என்னைக் கூப்பிட வாயத் தொறந்திருக்காங்க. பக்கத்துப் படுக்கை ஆன்ட்டி சொல்லித்தான் திரும்பினேன். அதுக்குள்ள போயிட்டாங்க"ன்னான். உங்கள் தங்கச்சி கிருஷ்ணம்மாவை நினைத்து இரண்டு பேரும் அடுப்பங்கரையிலேயே அழுதோம். அன்றைக்குச் சோறு குழைந்துவிட்டது.

வரும் திங்கட்கிழமை அவனுக்குக் கம்பெனியில் மறுபடியும் டெஸ்ட். பாஸானால் பறக்க வேண்டும். போவதா வேண்டாமா என்று வாயே திறக்க மாட்டேன்கிறான். எனக்கு மிச்சம் இருப்பது அவன் ஒருத்தன்தான் மச்சான், அவனையும் வானத்துக்குக் கொடுக்க என்னால் முடியாது. தாய்மாமன் சொன்னால் தட்டமாட்டான். உங்கள் கடையில் ஒரு வேலை போட்டுக் கொடுங்கள். துணி அளக்கிற கோலுக்கு பேட்டரி கிடையாது, அவனுக்கு ஒத்துவரும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் தரையிலேயே இருந்து நீடூழி வாழ என் ஆசி.

இப்படிக்கு, தபால்காரர் மோட்டார் சைக்கிள் சத்தத்துக்குக் காது கொடுத்திருக்கும்
செல்லப்பன்

பின்குறிப்பு: மேலே நான் நலம் என்று எழுதியதை அடித்துவிடவும். கடிதத்தைப் போடக் கிளம்பிய என்னைச் செருப்புகூடப் போடவிடாமல் சுகு காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டான். சர்க்கரை கண்டபடி ஏறிக் கிடக்கிறதாம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர் பாதியில் நிறுத்திக்கொண்டார். மெஷின்ல கோளாறு இல்லையாம், அதுல சொருகுற ஸ்ட்ரிப்தான் காலாவதியாகி ரொம்ப நாளாச்சாம். அது உங்க தங்கச்சி விட்டுட்டுப் போன டப்பா. அவ பேரு ஒட்டியிருந்துச்சு, தூக்கிப்போட மனசு வரல. கடையில வேலை வேண்டாம் மச்சான். திங்கட்கிழமை அவன் போகட்டும், நானே போடான்னு சொல்லிட்டேன். பயம் மட்டும் அப்படியேதான் இருக்கு. என் தலைமாட்டுல இங்கேயும் ஒரு ஸ்கிரீன் ஓடுது. சுகு அதுக்கு முதுகைக் காட்டி நாற்காலியைப் போட்டு, என்னையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான்.