சிவப்புக் கோப்பையைத் தொடாதவர்கள்

அன்று சபைக்குப் புதிதாக வந்த நால்வரில் ஒருவர்கூடச் சிவப்புக் கோப்பையை எடுக்கவில்லை. அங்கேதான் ஹேரியட்டுக்குப் பொறி தட்டியது.

அமெரிக்காவில், வெர்மான்ட் மலையூரில் இருக்கும் எங்கள் சபையில், புதிதாக வருகிறவர்களுக்குச் சிவப்புக் கோப்பையில்தான் காபி. அதைப் பார்த்தால் நாங்கள் ஓடிப்போய்ப் பேச்சுக் கொடுப்போம். ஆள் அசந்தால் ஏதாவது ஒரு கமிட்டியில் சேர்த்தும் விடுவோம். இந்த நால்வரோ ரொம்ப நாள் பழகினவர்கள் மாதிரி வெள்ளைக் கோப்பையை எடுத்தார்கள். ஆராதனையில் மூலைக்கொருவராக, முகம் தெரியாதவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். கிளம்பும்போது மட்டும் ஒரே காரில் ஏறிப் போனார்கள்.

"வேற ஊர் சபைக்காரங்க. அவங்களுக்குப் பாதிரி வேணும். நம்ம நோராவைக் கொத்திட்டுப் போக வந்திருக்காங்க," என்றாள் ஹேரியட்.

காபி ஊற்றிக்கொண்டிருந்த அவள் கணவன் வாலஸ் நிமிரவேயில்லை. "கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவனைக்கூட நீ இப்படித்தான் சொன்ன."

சந்தேகம் என்று வந்துவிட்டால் ஹேரியட்டை அசைக்க முடியாது. ஆனால் இந்த முறை எங்களுக்கும் பயம் வந்துவிட்டது. கடவுள் உண்டு என்பவர்களும், இல்லை என்பவர்களும், சும்மா காபிக்கு வருகிறவர்களும் ஒரே பெஞ்சில் உட்காரும் சபை இது. எங்களைக் கட்டி மேய்க்க முடியாமல் எத்தனையோ பாதிரிகள் ஓடியிருக்கிறார்கள். நின்றவர் ரெவரெண்ட் நோரா ஒருவர்தான். அவரும் போய்விட்டால் கதவைச் சாத்த வேண்டியதுதான்.

வரும் ஞாயிறுகளில் யார், எதைப் பற்றிப் பேசுவது என்று முடிவு செய்வது ஆராதனைக் கமிட்டி. கமிட்டி என்றால் ஹேரியட், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அடுத்த வாரம் நோரா 'மன்னிப்பு' பற்றிப் பேசுவதாக இருந்தது. அதை எடுத்துவிட்டு 'மக்கும் குப்பை' என்று போட்டாள். குப்பையைப் பற்றி யார் என்ன பேசிக் கிழித்துவிட முடியும், கேட்டுச் சலித்து அந்த நால்வரும் போய்விடுவார்கள் என்பது அவள் கணக்கு.

நோரா உருளைக்கிழங்குத் தோலில் ஆரம்பித்து, காலமான தன் அப்பாவிடம் போய் முடித்தார். சபை முழுக்க மூக்கைச் சிந்தியது. மூலைக்கொருவராக அந்த நால்வரும் சிந்தினார்கள். ஹேரியட்டும் அழுதாள், ஆத்திரத்தில்.

அதற்கடுத்த ஞாயிறு பிரசங்கத்தைச் சுருக்கி, மெழுகுவர்த்தி ஏற்றி அவரவர் சுகதுக்கம் சொல்லும் நேரத்தை நீட்டினாள். எதிர்பார்த்தபடியே எங்கள் எல்மர் எழுந்து வந்து தன் முழங்கால் வலியை ஆரம்பித்தார். அவர் ஆரம்பித்தால் மெழுகுவர்த்திதான் முதலில் தீரும். நோரா குறுக்கிடவில்லை. பக்கத்தில் போய் நின்று, "வீட்ல தனியாவா இருக்கீங்க, எல்மர்?" என்று மட்டும் கேட்டார். எல்மர் உடைந்துபோய் அவர் தோளில் சாய்ந்துவிட்டார். நால்வரில் பச்சை ஸ்வெட்டர் போட்ட பெரியவர் கைக்குட்டையும் கையுமாகவே வெளியே போனார்.

"இனி ஒரே வழிதான். நோராவை மேடையிலேயே ஏத்தக்கூடாது," என்றாள் ஹேரியட்.

விஷயத்தை நோராவிடமே சொல்லிவிட்டால் என்ன என்று வாலஸ் கேட்டான். போகிறவருக்கு நாமே வழி காட்டின மாதிரி ஆகிவிடும் என்று அவன் வாயை அடைத்தாள்.

நோராவிடம் போய், வரும் ஞாயிறு எல்லாம் நாங்களே மாற்றி மாற்றிப் பேசிக்கொள்கிறோம், நீங்கள் ஓய்வெடுங்கள் என்றாள்.

"எம்மேல ஏதாவது வருத்தமா, ஹேரியட்?"

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல. முன்வரிசையில உக்காந்து நிம்மதியா கேளுங்க."

முதல் ஞாயிறு ஹேரியட்டே மேடை ஏறினாள். நன்றாகச் சொதப்பி, வந்தவர்களைத் துரத்த வேண்டும் என்பதுதான் எண்ணம். ஆனால் எதிரே இருந்த முகங்களைப் பார்த்ததும் நாக்கு வேறு எங்கோ போய்விட்டது. முதன்முதலில் இங்கே வந்தபோது காபியைக்கூட நம்பாமல் முகர்ந்து பார்த்துத்தான் குடித்ததைச் சொன்னாள். யாரையும் நம்பாத தன்னை இந்தச் சபை விடாமல் பிடித்து உட்கார வைத்ததைச் சொன்னாள். யார் வந்தாலும், யார் போனாலும் நாம் ஒருவருக்கொருவர் இருப்போம் என்று சொல்லி முடித்தாள். சபை எழுந்து நின்று கைதட்டியது. எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவர் நோரா.

அன்று அந்த நால்வரும் கைக்குட்டையை வெளியே எடுக்கவில்லை. வாசலில் நோராவிடம் என்னவோ பேசிக் கைகுலுக்கினார்கள், அவ்வளவுதான். தொலைந்தார்கள் என்று ஹேரியட் முதல் தடவையாக நிம்மதியாகக் காபி குடித்தாள்.

அப்போது பச்சை ஸ்வெட்டர் பெரியவர் அவளைத் தேடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப நன்றிம்மா. நாங்களும் எத்தனையோ தடவை எங்க சபைக்குக் கூப்பிட்டுட்டோம், 'நான் இல்லேன்னா அந்த ஜனங்க தாங்க மாட்டாங்க'ன்னு வரவே மாட்டேன்னாங்க நோரா. இன்னிக்கு உங்க பேச்சைக் கேட்டப்புறம்தான் சரின்னாங்க."