"சொல்லி அனுப்புகிறோம்" என்றதை நம்பிய ஒல்லாந்தர்

பழவேற்காடு,
பிரசோற்பத்தி வருஷம் மாசி மாதம் பத்தாம் தேதி.

நாகப்பட்டணத்து ஒல்லாந்தர் கோட்டையில் துபாசி உத்தியோகம் பார்க்கும் மகாராஜஸ்ரீ எத்திராச மச்சான் சமூகத்துக்கு, உங்கள் தங்கை எல்லம்மாவின் புருஷனும், கரைக்கும் கப்பலுக்கும் நடுவே படகு விடுகிறவனுமான கன்னியப்பன் அநேக தண்டம் சமர்ப்பித்து எழுதிக்கொண்டது. இவ்விடத்தில் நான், உங்கள் தங்கை, மகள் அங்காளம்மாள் மூவரும் உயிரோடு இருக்கிறோம். சௌக்கியம் என்று எழுதத்தான் கை போனது. பொய் எழுத மனம் வரவில்லை. அவ்விடத்துச் சௌக்கியத்தை நான் விசாரிக்கப்போவதில்லை. எங்கள் சௌக்கியத்தைக் கெடுத்தவர் நன்றாகத்தான் இருப்பீர்கள்.

போன கடிதத்தில் "சுருக்கமாக எழுது" என்று கண்டித்திருந்தீர்கள். ஆகையால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிவைத்த கொர்னேலித் துரையை உடனே திருப்பி அழைத்துக்கொள்ளவேண்டும். "நல்ல மனுஷன், ஏரியில் என்னென்ன மீன் இருக்கிறதென்று படம் போட்டு எழுத வருகிறார், தமிழும் பழகவேண்டுமாம், வலைக்கொட்டகைப் பக்கத்து அறையை இரண்டு மாதம் கொடு" என்று எழுதினீர்கள். கொடுத்தேன். இன்றைக்கு ஏழாவது மாதம் நடக்கிறது. அறை போனால் போகட்டும், என் மகள் கல்யாணம் போய்விட்டது மச்சான்.

உங்களுக்குத் தெரியாததல்ல, அங்காளுவுக்கு வயது பத்தொன்பது. அவளோடு நண்டு பிடித்து விளையாடின பெண்களெல்லாம் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகத் திரிகிறார்கள். இரண்டு வருஷத்தில் மூன்று இடத்திலிருந்து வந்து பார்த்தார்கள். மூன்று பேரும் இறால் குழம்பை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார்கள். அப்படிச் சொன்னால் வேண்டாம் என்று அர்த்தம். இது குப்பத்தில் நடக்கப் பழகுகிற குழந்தைக்குக்கூடத் தெரியும். முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொன்னால் பெண்ணைப் பெற்றவன் மனசு நோகாதா? அதற்காக ஏற்பட்ட மரியாதை அது. ஒல்லாந்து தேசத்தில் இந்த மரியாதை கிடையாதாம். அங்கே வேண்டும் என்றால் வேண்டும், வேண்டாம் என்றால் வேண்டாம். எப்படித்தான் ஒரே தெருவில் குடியிருக்கிறார்களோ!

துரை வந்த முதல் நாளே எனக்கு உறைத்திருக்கவேண்டும். குப்பத்தைச் சுற்றிப் பார்க்கப் போனார். நம் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? "இன்னா தொர, சாப்ட்டாச்சா?" என்று முதல் வீட்டில் கேட்டார்கள். சும்மா கேட்பதுதான். ஆச்சு என்று சொல்லிவிட்டு நடக்கவேண்டியதுதானே? இவர் நின்று யோசித்து, "இன்னும் இல்லை" என்றார். இல்லை என்றவனை எப்படி அனுப்புவது? இலை போட்டார்கள். அவர்கள் ஊரில் பரிமாறியதில் ஒரு பருக்கை மிச்சம் வைத்தாலும் சமைத்தவளுக்கு அவமானமாம், அதனால் துடைத்துச் சாப்பிட்டார். நம் ஊரில் இலை காலியானால் பரிமாறுகிறவளுக்கு அவமானம், அதனால் மறுபடி போட்டாள். அவர் சாப்பிட, அவள் போட, அவர் சாப்பிட, கடைசியில் சோற்றுப் பானை தீர்ந்ததால் அந்த வீட்டிலிருந்து தப்பினார். அடுத்த வீட்டில், "சாப்ட்டாச்சா?" அவர் பொய் சொல்லமாட்டார் அல்லவா, "ஆயிற்று" என்றார். அந்த வீட்டுக்காரி முகம் வாடி, "அவங்க வூட்லதான் துன்னுவியா, எங்க வூட்ல துன்னமாட்டியா?" என்றாள். மறுபடி உட்கார்ந்தார். ஐந்து வீடு. அப்புறம் நாலு பேர் கட்டிலோடு தூக்கிவந்து அறையில் கிடத்தினோம். உங்கள் தங்கை மூன்று நாள் சுக்குக் கஷாயம் காய்ச்சி ஊற்றினாள்.

இது போகட்டும். சிறு இறாலைப் பிடித்துப் படம் எழுத ஒரு கைவலை வேண்டுமென்று வலை முடைகிற தானியேலிடம் சொல்லியிருந்தார். "நாளிக்கு வா தொர" என்றான் தானியேல். அவன் அப்பன் காலத்திலிருந்து அந்தக் குடும்பம் சொல்கிற பேச்சு அது. மறுநாள் விடியும்போதே துரை அவன் வாசலில் நின்றார். "நாளிக்கு" என்றான். அதற்கு மறுநாளும் நின்றார். நான்காம் நாள் தெருவே கூடியிருக்க, "தானியேல், தாங்கள் சொன்ன நாள் மூன்று முறை வந்து போய்விட்டது. தங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். கேலி இல்லை மச்சான், உண்மையாகவே கவலைப்பட்டுக் கேட்டார். தானியேல் அன்றைக்கே முடைந்து கொடுத்தான். இப்போதெல்லாம் துரை தலை தெரிந்தால் பனங்காட்டுக்குள் ஓடிவிடுகிறான்.

இப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டுதான் நான் நான்காவது முறை பெண் பார்க்கும் நாளை நடத்தவேண்டி வந்தது. ஏரிக்கு வடக்குக் கரைக் குப்பத்துப் பெருமாள், அவர் பெண்சாதி, மகன் சகாதேவன் மூவரும் படகில் வந்து இறங்கினார்கள். பையன் முத்துப் போல இருந்தான். அங்காளு கூடத்துக்கு வந்தபோது ஒரு தடவை பார்த்தான். அப்புறம் கீழே பார்க்கிற சாக்கில் பத்துத் தடவை பார்த்தான். அவளும் பார்த்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அன்றைக்குத் துரையை இவ்வூர்க் கோட்டையிலேயே இருக்கும்படி கும்பிட்டுக் கேட்டிருந்தேன். ஆனால் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் உடனிருப்பது மரியாதை என்று யாரோ சொல்லிவிட்டார்கள் போல. தொப்பி, காலுறை, வாயில் புகைகிற சுங்கான் சகிதம் வந்து நடுவில் உட்கார்ந்துவிட்டார்.

பெருமாள் நல்ல மாதிரியாக, "தொரைக்குக் கல்யாணம் ஆச்சா? ஏன் ஆவல? கூடப் பொறந்தவங்க எத்தினி பேரு?" என்று விசாரித்தார். துரைக்கு முதலில் முகம் சிவந்தது. பிறகு, இதுதான் இவ்விடத்து மரியாதை போலும் என்று தெம்பு வந்து, பெண்சாதி பக்கத்தில் இருக்கும்போதே பெருமாளைப் பார்த்து, "தங்களுக்குக் கல்யாணம் ஆயிற்றா? ஏன்?" என்று கேட்டார். அந்த அம்மாள் பணியாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தாள். அதோடு விட்டாரா? ஜலதோஷமாம். பையிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்து, அதில் மூக்கைச் சிந்தி, சிந்தினதை நாலாக மடித்து, பத்திரமாகத் திரும்பவும் பையிலேயே வைத்துக்கொண்டார். இவ்வளவு பெரிய ஏரிக்கரையில் சிந்திப் போட இடமா இல்லை? வீட்டுக்கு எடுத்துப்போய் என்ன செய்வார்? அந்த அம்மாள் பணியாரத்தைக் கீழே வைத்தவள்தான், அப்புறம் தொடவில்லை.

சபை இப்படிக் கெட்டுப்போகிறதே என்று நானே இடையில் புகுந்து இரண்டு வார்த்தை பேசினேன். நம் வம்சப் பெருமை தெரியவேண்டும் அல்லவா? என் தாத்தா சுறா பிடித்த கதையைச் சொன்னேன். அதற்கு முன்னால் அந்தப் படகு கட்டின கதை, அதற்கு முன்னால் அந்த மரம் வந்த கதை, நடுவில் பெரிய புயல் அடித்த கதை. பெருமாளுக்குப் படகில் வந்த அலுப்பு, கொட்டாவி விட்டுக்கொண்டேயிருந்தார். விளக்கு வைக்கிற நேரத்துக்கு எழுந்து, "நேரமாச்சு கன்னியப்பா. போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்றார். உங்கள் தங்கை அடுக்களைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். அங்காளு எச்சில் இலைகளை எடுத்தாள். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

சந்தோஷப்பட்டவர் துரை ஒருவர்தான். "நல்ல செய்தி! சொல்லி அனுப்புவார்கள்" என்று எனக்குக் கைகொடுத்தார். நாலு நாள் காத்திருந்தார். ஐந்தாம் நாள், "செய்தி வந்ததா?" என்றார். வராது என்றேன். "அவர்கள் வாக்குக் கொடுத்தார்களே! கொண்டுவந்தவனுக்கு வழியில் ஏதோ ஆகியிருக்கும்" என்று பதறி, படகெடுத்துக்கொண்டு வடக்குக் கரைக்கே போய்விட்டார். அங்கே நடந்ததெல்லாம் அவர் படகு தள்ளுகிறவன் வந்து சொன்னது. பெருமாள் வாசலில் போய் உட்கார்ந்து, "சொல்லி அனுப்புவதாகச் சொன்னீர்கள். நானே வந்துவிட்டேன், சொல்லுங்கள்" என்றாராம். பெருமாள், "பெரியவங்களக் கேக்கணும்" என்றார். துரை ஊர்ப் பெரியவர்களை ஒவ்வொருவராகத் தேடிப்போய்க் கேட்டுவிட்டு, "அவர்களுக்கு ஆட்சேபம் இல்லையாம்" என்று திரும்பி வந்தார். "ஆத்தா உத்தரவு வேணும்" என்றார் பெருமாள். துரை கோயில் வாசலில் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுச் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். இன்று மூன்றாம் நாள், இன்றும் போயிருக்கிறார். ஏரியைச் சுற்றியுள்ள அத்தனை குப்பத்திலும் இதே பேச்சு. பெண்ணைத் தள்ளிவிட ஒல்லாந்தனை அனுப்பினான் கன்னியப்பன் என்று சிரிக்கிறார்கள். இனி எந்த மாப்பிள்ளை வீட்டான் என் வாசல் மிதிப்பான்?

ஆகையால் கோட்டையில் பெரிய துரையைப் பார்த்து, கொர்னேலித் துரைக்குக் கொழும்பிலோ மலாக்காவிலோ, மீன் இருக்கிற வேறு எந்தத் தண்ணீரிலோ ஒரு வேலை போட்டு அனுப்பிவைக்கவும். இந்தக் காகிதம்கூட அவர் கொடுத்ததுதான், அதற்காக நான் மனம் மாறமாட்டேன். அக்காளுக்கு என் நமஸ்காரம். பிள்ளைகள் பதினாறும் பெற்று வாழ ஏரிக்கரை ஆத்தாள் துணையிருக்கட்டும். உங்கள் இடுப்பு வலிக்கு இங்கிருந்து சுறா எண்ணெய் ஒரு குப்பி அனுப்புகிறேன், கோபம் வேறு, உறவு வேறு.

இப்படிக்கு,
உங்கள் ஆக்கினைக்குக் கட்டுப்பட்டு ஏழு மாதமாக அவதிப்படும்
கன்னியப்பன்.

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் பொருட்படுத்தவேண்டாம். இதைக் கொண்டு தெற்கே போகிற தோணி இன்னும் கிளம்பவில்லை, அதற்குள் எல்லாம் தலைகீழாகிவிட்டது. கடிதத்தை மடித்த அன்று சாயங்காலமே துரையின் படகு வந்தது. கூடவே பெருமாள், வெற்றிலை பாக்குத் தட்டோடு! நான் ஓடிப்போய் வாய் திறந்தேன். பெருமாள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஒண்ணும் பேசாத கன்னியப்பா. நான் சொல்றத மட்டும் கேளு. இந்தத் தொர மூணு நாளா எங்க வாசல்ல குந்திகினு ஒரே கேள்வி. பொண்ணு நல்லா இல்லியான்னாரு, தங்கமான பொண்ணுன்னேன். குடும்பம் சரியில்லியான்னாரு, நல்ல குடும்பம்னேன். அப்ப ஏன் வேணாம்னாரு. என் வயசுக்கு யாரும் என்ன அப்டிக் கேட்டதில்லப்பா. நெசம் வாய்ல வந்துடிச்சி."

"இன்னா நெசம்?" என்றேன்.

"பாத்தியா, பேசாதன்னு சொல்லியும் பேசற. அதான் நெசம். அன்னிக்கு உங்க தாத்தா சொறா புடிச்ச கதய ஆரம்பிச்சியே, வெளக்கு வெக்கிற வரைக்கும் அது கரைக்கு வந்துச்சா? காலம் பூரா இந்த வாயோட சம்மந்தமான்னு என் பொண்டாட்டி கைய எடுத்துக் கும்புட்டா. முன்னாடி வந்துட்டுப் போனாங்களே மூணு வூட்டுக்காரங்க, அவங்களும் இதையேதான் சொன்னாங்க."

மச்சான், நான் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். என் பெண்ணுக்கு நானே குறுக்கே நின்றிருக்கிறேன். இரண்டு வருஷமாக அவள் நிறத்தைக் குறை சொன்னார்களோ, என் படகைக் குறை சொன்னார்களோ என்று மருகினேனே! உங்கள் தங்கையைத் திரும்பிப் பார்த்தேன். "எனக்கு மொத வருசமே தெரியும்யா. சொல்ல நீ எங்க வுட்ட?" என்றாள்.

அப்போது துரை சொன்னார்: "நானும் அவரிடம் மறுக்கவில்லை. கன்னியப்பன் நிறுத்தாமல் பேசுகிறார் என்பது உண்மை. ஆனால் கோட்டையில் நான்கு வருஷம் இருந்தவர்களுக்கு வராத தமிழ் எனக்கு ஏழு மாதத்தில் வந்ததும் அதனால்தான். இதையும் அவரிடம் சொன்னேன்." பெருமாள் சிரித்துவிட்டார். பையன் வேறு, கட்டினால் இந்தப் பெண்ணைத்தான் என்று நிற்கிறானாம். ஆகவே பங்குனியில் முகூர்த்தம். நிபந்தனை ஒன்றே ஒன்று, தாலி கட்டும் வரையில் மாப்பிள்ளை வீட்டாரிடம் நான் ஒரு வார்த்தை பேசக்கூடாது. பழக்கமாகட்டும் என்று உங்கள் தங்கை வீட்டிலும் பேசக்கூடாது என்றுவிட்டாள். மூன்று நாள் ஆயிற்று. எழுதக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, ஆகையால் துரையிடம் மேற்கொண்டு நாலு காகிதம் வாங்கியிருக்கிறேன். துரையை எங்கும் மாற்றிவிடாதீர்கள். பெண் வீட்டார் சார்பில் பந்தலில் பேசப்போகிறவர் அவர்தான். நீங்கள் பத்து நாள் முன்னதாகவே குடும்பத்தோடு வந்து சேரவும்.

இன்று காலையில் அங்காளு கொல்லையில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். சத்தமில்லாமல் கடந்துபோகப் பார்த்தேன். கூப்பிட்டாள். "நைனா, அவங்க வூட்ல யாரும் பேசவே மாட்டாங்களாமே. எனக்குப் பயமாக்கீது. தாலி கட்ன மறுநாளே படகு எடுத்துகினு வந்துடு. வந்து குந்திகினு எதுனா பேசு நைனா, நா கேக்கறேன்" என்றாள்.

இந்த வீட்டில் எத்தனையோ வருஷம் பேசியிருக்கிறேன் மச்சான். பேசு என்று என்னை ஒருவர் கேட்டது இதுதான் முதல் தடவை. என்னென்னவோ சொல்ல வாய் வந்தது. வாசற்படியில் உங்கள் தங்கை நின்றாள். தலையை மட்டும் ஆட்டிவிட்டு, கவிழ்த்துப் போட்டிருந்த படகுக்குப் பின்னால் போய் அழுதேன், அதுவும் சத்தமில்லாமல்.